துவக்கு

எக்ஸ்ரே அக்கா துவக்கு என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லுவார்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் துவக்கு என்று பெயர். அந்தப் பெயரைப் பொது இடத்தில் உச்சரிக்க என் வயதுக்காரரிடம் ஒரு முறை உண்டு. முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்போம். பிறகு குரலை இறக்குவோம். பிறகு அதைச் சொல்லாமலே விட்டுவிட்டு மழையைப் பற்றிக் கதைப்போம். சண்டை முடிந்து வருடங்கள் போன பிறகும் அந்தச் செய்தி எங்கள் நாக்குக்கு வந்து சேரவில்லை.

அக்காவின் நாக்கு வேறு சாதி. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ், வேலை விட்ட சனம் மூச்சுவிட இடமில்லாமல் நிற்கிறது. அக்கா கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எஞ்சின் இரைச்சலுக்கும் மேலால் சொல்கிறார்:

"ஓம் அண்ணை, துவக்கைத் துடைச்சு வையுங்கோ. நாளைக்கு ரண்டு பேரும் வாறம்."

பஸ் அப்படியே அடங்கியது. நடத்துனர் மிச்சக் காசை நீட்டிய கையோடு நின்றார். முன் இருக்கையில் இருந்த ஐயா ஒருவர் மெதுவாகத் தலையைக் குனிந்து, இல்லாத எதையோ காலடியில் தேடத் தொடங்கினார். அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற நான், இந்த அம்மாவை எனக்கு முன்பின் தெரியாது என்ற முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"தம்பி, நீரும்தானே வாறீர்?" என்று கேட்டு அதையும் அக்கா கழற்றிவிட்டார்.

உண்மையில் நாங்கள் ஒரு விளையாட்டுக் கழகத்தின் அணி. காற்றழுத்தத்தால் இயங்கும் துவக்கு, அதற்கு மிளகளவு ஈயக்குண்டு, பத்து மீற்றருக்கு அப்பால் உள்ளங்கை அகல மட்டை, அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். கொழும்பில் நடக்கும் தேசியக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு யாழ்ப்பாணத்தின் பேரில் போக இருந்தோம். அணிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் அக்கா, அணித் தலைவி. மற்றவர் சுன்னாகம் சந்தையில் மொத்தமாக வெங்காயம் விற்கும் அண்ணை. அவருக்கு ஒரு காது முழுதாகவும் மற்றக் காது முக்காலும் கேட்காது. அது பக்கத்தில் ஒரு செல் குண்டு விழுந்த கதை, அவர் சொன்னால் நீளும். மூன்றாவது ஆள் நான். காப்புறுதி முகவர். ஊர் முழுக்கப் பயத்தை விற்றுச் சீவிப்பவன். விற்று மிஞ்சியதை நானே வைத்துப் பாவித்தேன்.

நான் அணிக்குள் வந்ததே அந்தக் கையிருப்பால்தான். ஒருநாள் நெஞ்சு படபடத்து, இதோ போகிறேன் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். எக்ஸ்ரே அறையில் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, நெடிய உருவம், நேர் முதுகு. முகத்தில் சிரிப்புக்கு ஒதுக்கிய இடமில்லை.

"மூச்சை எடுங்கோ. பிடியுங்கோ. ஆடாதேங்கோ."

நான் பிடித்தேன். பயம் வந்தால் ஆளைச் சிரிக்கவைக்கும் பகிடியும் எனக்குச் சேர்ந்து வரும். ஆனால் அன்றைக்குப் பகிடியும் பயந்து உள்ளே நின்றுவிட்டது.

அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எனக்கு வியர்த்தது.

"என்னக்கா, கனநாள் இல்லையோ?"

"நெஞ்சிலை ஒண்டும் இல்லை. ஆனா இவ்வளவு ஆடாமல் நிண்ட ஒரு மனிசனை நான் இந்த அறையிலை காணேல்லை. எப்பிடி நிண்டனீர்?"

"பயத்திலை நிண்டனான் அக்கா."

"எதிலை நிண்டால் என்ன. சனிக்கிழமை சுன்னாகத்துக்கு வாரும்."

உலகத்தில் நடுங்காமல் இருப்பதற்காக ஆள் எடுப்பார்கள். நடுக்கம் முற்றி உறைந்துபோனதற்காக எடுக்கப்பட்ட ஒரே துவக்குக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

பயிற்சி நடந்தது வெங்காய அண்ணையின் கிடங்கில். நீளம் சரியாக இருந்தது, வாடகை இல்லை, காற்று மட்டும் வெங்காயம். குறிபார்க்கும்போது கண்ணீர் ஓடும். கறுப்பு வட்டம் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். எதைச் சுடுவது என்று நான் கேட்டால் அக்கா சொல்லுவார்: "ஆடாமல் நிக்கிறதைச் சுடும்." நான் எத்தனையோ பகிடி விட்டுப் பார்த்திருக்கிறேன். கழகத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவற்றை எல்லாம் அக்கா எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவார். ஒருநாளாவது அவர் ஒரு பகிடி சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய சட்டங்கள் குறைவு. "மனிசன் விழலாம், துவக்கு விழக்கூடாது" என்பது ஒன்று. துவக்கின் வாய் மட்டையைத் தவிர வேறு பக்கம் பார்க்கக்கூடாது என்பது மற்றது. எல்லாவற்றுக்கும் மேலே, அவசரப்படக்கூடாது. கொடுத்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கடைசிக் குண்டைக் கடைசி நிமிடத்தில்தான் சுடுவார். "தந்த நேரம் எங்கடை. அதை ஏன் திருப்பிக் குடுக்கிறது?" என்பார்.

தொலைபேசியில் துவக்கு என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்காக ஒரு மறைசொல் கண்டுபிடித்தேன்: வெங்காயம். வெங்காய வியாபாரியிடம் பேச நல்ல மறைசொல்தான். "அண்ணை, நாளைக்கு வெங்காயம் ரண்டு எடுத்து வையுங்கோ" என்றேன். மறுநாள் கிடங்கு வாசலில் அண்ணை இரண்டு பெரிய வெங்காயத்தோடு நின்றார். "உதுக்கே தம்பி போன் எடுத்தனீர்?"

அக்கா சொன்னார்: "உள்ளதை உள்ள பேராலை சொல்லப் பழகும்."

"சொன்னால் ஆக்கள் வருவினமக்கா."

"வரட்டும். வந்தால் இருக்கக் கதிரை இருக்கு."

வந்தார்கள். பஸ்ஸில் அக்கா கதைத்தது எந்தக் காதுக்குப் போனதோ, அடுத்த சனிக்கிழமை சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். நான் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கணக்குப் பார்க்கப் போய்விட்டேன். அண்ணைக்கு மோட்டார் சைக்கிள் வந்ததே தெரியாது. அக்கா நின்ற இடத்தில் நின்றார். அனுமதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

"வாசியுங்கோ. ஆறுதலாய் வாசியுங்கோ. கண் எரியும், துடைச்சுத் துடைச்சு வாசியுங்கோ."

அவர்கள் வாசித்தார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சினார். மற்றவர் கைக்குட்டையை எடுத்தார். மூட்டை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. இந்தக் குடாநாட்டில் எங்களை விசாரிக்க வந்தவர்கள் எங்கள் முன்னால் கண்ணீர் விட்டதை நான் கண்ட ஒரே நாள் அதுதான்.

அதிகாரிகளைவிடச் சொந்தக்காரர்கள் கஷ்டம். அக்காவின் சித்தப்பா ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், உடுப்பிட்டியிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்தார். கிடங்கு வாசலில் நின்று, பள்ளிக்கூட மணி அடித்ததுபோலத் தொடங்கினார்.

"பிள்ளை, உனக்கு விசரே? இந்தச் சனம் துவக்காலை பட்டது காணாதோ, போதாதோ?"

"காணும் சித்தப்பா."

"பின்னை என்னத்துக்கு உதைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய்?"

"காணும் எண்டபடியாலைதான். இது மட்டையிலை ஓட்டை போடுற துவக்கு. இதைக் கண்டும் நாங்கள் நடுங்கினால், மற்றத் துவக்குக்காரர் இண்டைக்கும் வெண்டுகொண்டுதான் இருக்கினம். வாங்கோ, ஒருக்கால் பிடிச்சுப் பாருங்கோ."

அவர் பிடிக்கவில்லை. ஆனால் போகவுமில்லை. ஒரு மூட்டையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்தபடி மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உவன் மூண்டாவது பெடியன் ஏன் சுடேக்கை கண்ணை மூடுறான்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். நாற்பதைத் தாண்டிய என்னைப் பெடியன் என்றது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை.

ஊரில் கதை வேறுவிதமாகவும் பரவியிருந்தது. கரவெட்டியிலிருந்து ஓர் அம்மா கிடங்கைத் தேடிக்கொண்டு வந்தார், தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு. "இஞ்சை ஒரு அக்கா குறி பாக்கிறவாவாம். என்ரை பசு மூண்டு நாளாய்க் காணேல்லை. எந்தத் திசையிலை நிக்குதெண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லவேணும்."

அக்கா கோபிக்கவில்லை. சிரிக்கவுமில்லை. "அம்மா, நான் குறி பாக்கிறனான், சொல்லுறேல்லை" என்று விளக்கி, வந்தவருக்குத் தேநீர் கொடுத்தார். பசு மறுநாள் தானே வந்து சேர்ந்ததாம். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் அக்காவின் புகழை யாராலும் தடுக்க முடியவில்லை.

அக்காவுக்கு "காணும்" என்ற சொல் ஒரு கதவு மாதிரி. போதும் என்று பொருள். அதைச் சொன்னால் சாத்தியாயிற்று, பிறகு தட்டிப் பயனில்லை. போட்டி நடத்துபவர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் தொலைபேசியில் சொன்னார்: முதல் தடவை அல்லவா, இந்த வருடம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள், அடுத்த வருடம் சுடலாம் என்று. "நாங்கள் பாத்துக்கொண்டிருந்தது காணும்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார். எங்களிடம் திரும்பினார்.

"வெல்லுறதைப் பிறகு பாப்பம். அங்கை முடிவு எழுதுற பலகை ஒண்டு இருக்கு. அதிலை யாழ்ப்பாணம் எண்டு ஒரு வரி நிக்கவேணும். மூண்டு பேரும் கடைசிக் குண்டு வரைக்கும் சுட்டால்தான் எழுதுவினம். ஒராள் இடையிலை விட்டாலும் அணி இல்லை, வரி இல்லை. விளங்கிச்சுதோ?"

இதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். அண்ணை, "என்னவாம்?" என்று கேட்டார்.

பிறகு ஒரு நாள் அண்ணைதான் ஒரு நல்ல யோசனை சொன்னார். குப்புறப் படுத்திருந்து சுடுகிற போட்டியும் உண்டு. முழங்கை நிலத்தில் ஊன்றும், உடம்பு ஆடாது, அதிலும் பேரைக் கொடுக்கலாமே என்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படுப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது, சின்ன வயதிலேயே தொடங்கியாயிற்று என்றேன்.

அக்கா சொன்னார்: "நான் படுத்தது காணும்."

கதவு சாத்தியது. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. தட்டினேன்.

"என்னக்கா, நித்திரை கொள்ளுறதும் நிண்டுகொண்டுதானோ?"

அவர் துவக்கை மேசையில் வைத்தார். வாய் மட்டைப் பக்கம் பார்த்தபடி, ஒழுங்காக.

"கதிரையிலைதான், தம்பி. ஒருக்கால் துவக்கோடை வந்தவை படுக்கச் சொல்லிச்சினம். வீட்டிலை அஞ்சு பேரும் படுத்தம். எழும்பேக்கை எல்லாரும் எழும்பேல்லை." மட்டையைக் காட்டி, "உம்மடை முறை. வந்து நில்லும்" என்றார்.

என்னிடம் அடுத்த பகிடி தயாராக இருந்தது. விழுங்கினேன். அது இன்னும் முழுதாக இறங்கவில்லை.

கொழும்பில் போட்டி மண்டபம் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. வெங்காயம் இல்லாத காற்றை இழுத்து எனக்குத் தலை சுற்றியது. மற்ற அணிகளுக்குப் பலகைபோல விறைத்த மேலங்கி, அதற்கேற்ற காற்சட்டை, அதற்கென்றே செய்த சப்பாத்து. எங்களுக்குச் சுன்னாகத்துத் தையற்காரர் கூடாரத் துணியில் தைத்துத் தந்த மேற்சட்டை. அக்கா அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்துக்குள் நுழையும் நியாயவாதிபோல நடந்தார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எல்லாரையும் பார்த்தேன், வெளியே போகும் வாசல்களை உட்பட.

பொறுப்பதிகாரி நரைத்த மீசை வைத்த சிங்களப் பெரியவர். எங்களிடம் வந்து கைகூப்பி "வணக்கம்" என்றார். இந்த மண்டபத்துக்கு யாழ்ப்பாணத்து அணி வந்து நான் கண்டதில்லை, அதனால் இன்றைக்குக் கட்டளைகளைத் தமிழிலும் சொல்லப்போகிறேன், அகராதி பார்த்துப் பாடமாக்கிவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல மனிதர். அந்த நல்ல மனம்தான் என்னை விழுத்தியது.

வரிசையில் முதலாவதாக அண்ணை, நடுவில் அக்கா, மறு பக்கத்தில் நான். துவக்கு முன்னால் மேசையில் இருந்தது.  ஒலிபெருக்கியில் பெரியவர் முதலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், "ஸ்டார்ட்" என்றார். பிறகு மூச்சை நன்றாக இழுத்து, பாடமாக்கிய சொல்லை முழுப் பலத்தோடு சொன்னார்:

"துவக்கு!"

துவக்கு என்றால் தொடங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதியில் அதுதான் முதலில் நிற்கும். என் உடம்புக்குள் இருப்பது வேறு அகராதி. ஒருவர் உரத்த குரலில் "துவக்கு!" என்று கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், செய்ய வேண்டியதும் ஒன்றுதான். நான் அதை ஒழுங்காகச் செய்தேன். குப்புற விழுந்து, வாயைத் திறந்து, இரண்டு காதையும் பொத்தி, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையில் உடம்பைத் தாங்கிக்கொண்டு கிடந்தேன். சண்டைக்காலப் பள்ளிக்கூடத்தில் படித்தவற்றில் பிழையில்லாமல் நினைவிலிருக்கும் பாடம் இது ஒன்றுதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு நூறு.

துவக்கு மேசையிலேயே இருந்தது. மனிசன்தான் விழுந்தான்.

சுற்றிவர டப் டப் என்று மற்றவர்கள் சுட ஆரம்பித்துவிட்டார்கள். நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. எங்கேயோ ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. எழும்பு என்று மூளை சொன்னது. முதலில் நீ எழும்பு என்று கால் சொன்னது. பளபளக்கும் சப்பாத்து ஒரு சோடி என் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரோ ஓர் அதிகாரி. அவருக்குப் பின்னால் முதலுதவிப் பெட்டியோடு இன்னொருவர். சுகமில்லையா, விலகிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எவ்வளவு அன்பான கேள்வி! தலையை ஒருதரம் ஆட்டினால் போதும், தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், குடிக்கக் குளிராக ஏதாவது தருவார்கள். ஆட்டுவதற்குத் தலையைத் தூக்கினேன்.

"அவருக்கு நோய் ஒன்றுமில்லை" என்று மேலே அக்காவின் குரல், ஆங்கிலத்தில். "ஒரு சொல் பட்டுவிட்டது. எழும்புவார்."

அண்ணாந்து பார்த்தேன். அக்கா சுடவில்லை. துவக்கை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேராக நின்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவருக்குத் தனியாளாகவும் ஒரு பதக்கம் கிடைத்திருக்கலாம். அவர் கிடங்கில் சுடுவதைப் பார்த்த எவருக்கும் அது தெரியும். சப்பாத்துக்காரர் அவரிடம் திரும்பி, அம்மா, உங்கள் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்றார்.

"ஓடட்டும்" என்றார் அக்கா தமிழில். "நாங்கள் நிக்கிறம்."

அவருக்கு விளங்கியதோ தெரியாது. ஓர் அடி பின்னுக்குப் போனார்.

"தம்பி."

"ஏலாதக்கா."

"தம்பி, இஞ்சை பாரும்."

பார்த்தேன். அந்த முகம் எக்ஸ்ரே அறையில் கண்ட அதே முகம்தான். ஒரு மயிரிழை அசையவில்லை. ஆனால் பின்னால் கட்டியிருந்த கைகள் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன. கீழே பக்கவாட்டில் கிடந்த எனக்கு அது தெரிந்தது. 

"படுத்திருந்து சுடுற போட்டி நாளைக்கு," என்றார் அக்கா. "இண்டைக்கு நிண்டுதான் சுடவேணும். எழும்பும்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அக்கா பகிடி விட்டிருக்கிறார்! வருடக்கணக்காக என் பகிடி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தந்த மனிசி, தேசியப் போட்டியின் நடுவில், நேரம் ஓடிக்கொண்டிருக்க, தன் முதலாவது பகிடியை எடுத்து விட்டிருக்கிறார். அதுவும் என்னுடையதைவிடத் திறமான பகிடி.

சிரிப்பு வந்தது. வாயை ஏற்கெனவே திறந்து வைத்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. குப்புறக் கிடந்துகொண்டு பயப்படலாம், நான் நெடுங்காலம் பயந்திருக்கிறேன். ஆனால் குப்புறக் கிடந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரிக்க முடியாது, நிலம் இடிக்கும். முழங்கையை ஊன்றினேன். முழங்காலை மடித்தேன். மேசை விளிம்பைப் பிடித்தேன்.

எழும்பினேன்.

அக்கா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, தன் துவக்கை எடுத்தார். நானும் எடுத்தேன். கறுப்பு வட்டம் அங்குமிங்கும் ஆடியது. பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. அண்ணைக்கு மட்டுமல்ல, சப்பாத்துக்காரருக்கும் கேட்டிராது.

"மூச்சை எடும். பிடியும். ஆடாதேயும்."

டப்.

மூவரும் கடைசிக் குண்டு வரைக்கும் சுட்டோம். தந்த நேரத்தில் ஒரு துளியும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அக்கா முதல்முறையாக அவசரப்பட்டுச் சுட்டார். எனக்காக நின்ற நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பது? எங்கள் மூவரில் நன்றாகச் சுட்டவர் வெங்காய அண்ணை. ஒலிபெருக்கியும் கேட்கவில்லை, நான் விழுந்ததும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்து, "ஏன், என்ன நடந்தது?" என்றார்.

பலகையில் எழுதினார்கள். மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தோம். வந்தோம், வந்தோம், இன்னும் வந்தோம். அடியில், அதற்குக் கீழே வெறும் பலகை மட்டும் இருந்த இடத்தில், யாழ்ப்பாணம்.

"கடைசி" என்றேன். "நான் விழாட்டி உங்களுக்கு அக்கா ஒரு பதக்கம்..."

"உந்தக் கதை காணும்," என்றார். பலகையின் முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "நிக்குதுதானே."

பொறுப்பதிகாரி தேடிக்கொண்டு வந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது. தான் ஏதோ கூடாத சொல்லைச் சொல்லிவிட்டதாக யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியில் அப்படித்தான் இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு சொல் சொல்கிறேன், எது சரி என்று சொல்லித் தாருங்கள் என்றார்.

அக்கா ஆங்கிலத்தில் மிக நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் சொன்ன சொல் சரி. அதற்கு இரண்டு பொருள். ஒன்றைத்தான் எங்கள் ஆட்கள் இதுவரை கேட்டிருக்கிறார்கள். நாளைக்கும் அதையே சொல்லுங்கள். உரத்துச் சொல்லுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தைரியசாலி மாதிரித் தலையை ஆட்டினேன். அதே தலைதான்.

அதற்குப் பிறகு அதிக காலம் அக்கா எங்களோடு இருக்கவில்லை. மட்டக்களப்புப் பக்கம் இடமாற்றம் வந்தது. புகையிரத நிலையத்தில் ஒரு கையில் பெட்டி, மறு கையில் நீளமான உறை. "உதுக்குள்ளை என்ன?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்க, நிலையம் முழுவதும் கேட்கும்படி பதில் சொன்னார். பிறகு ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். தொலைபேசி எண் மாறிவிட்டது. கிடங்கில் இப்போது வெங்காயம் மட்டும் இருக்கிறது. நெஞ்சு படபடத்தால் இப்போதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். அங்கே புது இயந்திரமும் புதுப் பெடியனும். நான் ஆடிவிடுவதாக இரண்டு தடவை படம் எடுக்கிறான். பயம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பலகையும் அல்ல, என்னை எழுப்பிய பகிடியும் அல்ல. மறுநாள் காலைதான்.

ஊர் திரும்பும் புகையிரதத்துக்கு நேரம் இருந்தது. படுத்திருந்து சுடும் போட்டியைப் பார்க்கப் போனோம். திறந்த வெளி, உண்மையான வெடி, உண்மையான சத்தம். பார்வையாளருக்குப் போட்ட வாங்குப் பலகையில் அக்கா நடுவிலும் நாங்கள் இரண்டு பக்கமுமாக இருந்தோம். கீழே பாய்கள் விரித்து, போட்டியாளர் எல்லோரும் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். பெரியவர் ஒலிவாங்கியை எடுத்தார். சிங்களத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நிறுத்தி, அண்ணாந்து எங்கள் வாங்கைப் பார்த்தார்.

அக்கா தலையை அசைத்தார்.

"துவக்கு!"

என் கைகள் தன்பாட்டில் காதுப் பக்கம் போயின. அதற்குள் பக்கத்தில் சேலை சரசரத்தது. அக்கா எழுந்து நின்றார். நானும் எழும்பினேன். நாங்கள் எழும்புவதைக் கண்டு, முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து அண்ணையும் எழும்பினார். வெடிகள் தொடங்கின. கண்ணுக்கெட்டிய தூரம் மனிதர்கள் குப்புறப் படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவ்வளவு சத்தத்துக்குள்ளும், நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.